தட்டைத் திருப்பிப் போட ஓர் ஆள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்கலாம் என்றால் நீ எடுப்பதே இல்லை. எடுத்தாலும் "கரகரங்குது, லெட்டர் போடு" என்று வைத்துவிடுகிறாய். சரி, போட்டாயிற்று. இந்த ஊரில் தபால் பெட்டியைத் தேடி மூன்று தெரு அலைந்த ஒரே ஆள் நான்தான். இங்கே எல்லோரும் சுகம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை மட்டும் பூசி மெழுகாமல் எழுது.

அத்தான் போய் ஐந்து மாதம் ஆகிறது. "இந்தத் தட்டுங்களப் பாக்கவே முடியலடா, எடுத்துட்டுப் போயிடு" என்று நீ சொன்னபடி அவருடைய இருநூற்றுப் பதினோரு இசைத்தட்டுகளையும் கொண்டு வந்தேன் அல்லவா? ஒவ்வொன்றையும் ஓடவிட்டு ஃபைலாக மாற்றிவிட்டேன். காது மெஷின் கடையில் பகலெல்லாம் பீப் பீப் என்று அடுத்தவர் காதைச் சோதிப்பது, சாயங்காலம் வந்து அத்தானின் பாட்டைப் பிடிப்பது என்று நாள் ஓடியது.

எல்லாம் இத்துடன் வரும் சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. உள்ளங்கை அகலம்தான். ஸ்பீக்கரும் அதிலேயே இருக்கிறது. கீறாது, தூசி படியாது, இடத்தை அடைக்காது, பாதியில் எழுந்து திருப்பிப் போடவும் வேண்டாம். மின்சாரத்தில் செருகினால் பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான்.

உனக்காக அதில் ஒரு சின்ன ஆச்சரியமும் வைத்திருக்கிறேன். என்னவென்று சொல்லமாட்டேன், இரண்டு நாளில் நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

உன் தம்பி


பிப்ரவரி 27

அன்புத் தம்பிக்கு,

இருக்கிறேன். இரண்டு வேளை சாப்பிடுகிறேன், மூன்றாவது வேளைக்குப் பொய் சொல்ல மனமில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? குனிந்து குனிந்து அடுத்தவர் காதைப் பார்ப்பவனுக்கு வேறென்ன வரும்.

பெட்டி வந்தது. ரெக்கார்டு பிளேயர் பக்கத்திலேயே அலமாரியில் வைத்தேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்குப் பிடிக்கவில்லை. காதை ஒட்டி வைத்துத்தான் கேட்டேன். அடுத்த வீட்டில் யாரோ பாடுவது மாதிரி இருக்கிறது. அவருக்குப் பிடித்த அந்தப் புல்லாங்குழல் தட்டில் புல்லாங்குழலையே காணோம். மேளம் மட்டும் தம் தம் என்கிறது. ஃபைலாக மாற்றும்போது எங்கேயோ சிந்திவிட்டாய்.

அதோடு, பாடுகிறதா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாது. "எந்த மாடியில நிக்குதுன்னு காட்டாத லிஃப்ட்ல ஏறாத" என்று உன் அத்தான் சொல்வார். முப்பது வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் சொன்னால் சும்மாவா? நாலு வருடமாக எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யார் வெளியிலிருந்து வந்தாலும் ஒரு தட்டைப் போட்டுவிட வேண்டும். "தட்டு சுத்துச்சுன்னா வீட்ல ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்பார். ஆறு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தட்டு போட்டுவிடுவார். இப்போது அந்தப் பிளேயர் வெறும் மொட்டையாக நிற்கிறது. உன் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டேன்.

வேலையில் ஒரு மாற்றம். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரிலிருந்து உள்ளே பொட்டலம் கட்டும் அறைக்கு வந்துவிட்டேன். நானே கேட்டு வாங்கினேன். ஜன்னலில் நின்று நின்று கால் வலி.

தட்டுகள் பத்திரம்தானே? அவர் கையெழுத்து உள்ள உறைகள் கசங்கக் கூடாது.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, பழகிவிட்டது. மூன்றாவது வேளையும் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தப் புல்லாங்குழல் ஃபைலை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். புல்லாங்குழல் இருக்கிறது அக்கா. நன்றாகவே இருக்கிறது. பெட்டியின் இடது பக்கம் ஒரு திருகு உண்டு. அதைக் கொஞ்சம் கூட்டிப் பார்.

வேறு ஒன்றும் கவனிக்கவில்லையா? சாயங்கால நேரத்தில்? அந்த ஆச்சரியத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. எப்போது எழுதுவாய் என்று நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

விடுமுறை கிடைத்தால் இங்கே வந்துவிட்டுப் போயேன். வரும்போது சும்மா நம் கடையில் ஒரு காதுச் சோதனையும் பண்ணிப் பார்த்துவிடலாம். ஐம்பது தாண்டினால் எல்லோருக்கும் செய்வதுதான். பத்து நிமிட வேலை.

இங்கே வீடு மாற்றினோம். புது வீடு சின்னது. சாமான் பாதி இன்னும் பிரிக்கவே இல்லை.

தம்பி


ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

புது வீட்டில் எல்லோரும் சுகமா? நான் சுகம். காதும் சுகம். ஊருக்கெல்லாம் மெஷின் மாட்டினது போதாதென்று அக்காவையும் பிடிக்கப் பார்க்கிறாயா? உன் வியாபாரத்தை வேறு எங்காவது வைத்துக்கொள். நீ சொன்ன திருகையும் நான் தொடவில்லை.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதே. நேற்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே வந்தார். எதிரில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பாட்டு வரும்போது நானும் மெஷினை நிறுத்திட்டு உக்காந்திருவேன். அவரே வந்து போட்ட மாதிரி இருக்கு" என்றார்.

"எந்தப் பாட்டு?" என்றேன்.

"அதான், புல்லாங்குழல். தினமும் போடுறீங்களே."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். ஆறு மணிக்குக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பாட்டும் கிடையாது. தட்டுகள் உன்னிடம் இருக்கின்றன, உன் பெட்டியை நான் நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. அந்த அம்மாவிடம் "ஆமாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, பிரமையாக இருக்கும். நீ என்ன நினைக்கிறாய்? தட்டுகளைப் பற்றி நீ பதிலே எழுதவில்லை.

அக்கா


ஏப்ரல் 21

அன்புத் தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்து பார்த்தேன். வரவில்லை. அங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தையல்காரம்மாவுக்குப் பிரமை இல்லை. எதிர் வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரும் சொல்லிவிட்டார். மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்க வீட்ல சாயங்காலம் புல்லாங்குழல் கேட்டாத்தான் எங்களுக்குப் பொழுது சாயுது" என்றார். இரண்டு பேர், இரண்டு வீடு, ஒரே நேரம். இதைக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தள்ள முடியுமா?

முந்தாநாள் ஆறு மணிக்கு விளக்கைக்கூடப் போடாமல் பிளேயர் முன்னால் நின்றேன். ஒன்றும் இல்லை. பிறகு அலமாரிமேல் கையை வைத்தேன். தம்பி, பலகை நடுங்கியது. மெல்ல, லிஃப்ட் நிற்கப்போகும்போது காலடியில் வருமே, அந்த மாதிரி. உன் அத்தானோடு போகும்போதெல்லாம் லிஃப்ட் சுவரில் அவர் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். அதே நடுக்கம். கையை எடுக்கவே தோன்றவில்லை.

அவர் வருகிறார். ஊருக்கெல்லாம் கேட்கும்படி போடுகிறார். எனக்கு மட்டும் கேட்கவிடாமல் வைத்திருக்கிறார். என்மேல் அவருக்குக் கோபம். அதற்குக் காரணமும் இருக்கிறது.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். கடையில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம்.

ஒன்று மட்டும் பார்த்து எழுது. ஆறு மணிக்கு அந்தப் பெட்டியின் பச்சை விளக்கு சும்மா எரிகிறதா, விட்டு விட்டு எரிகிறதா?

அத்தானுக்கு உன்மேல் எந்தக் காலத்தில் கோபம் வந்திருக்கிறது? கண்டதையும் நினைக்காதே.

தம்பி


மே 19

அன்புத் தம்பிக்கு,

ஆறு வரிக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டாய். பரவாயில்லை, நன்றாக இரு.

ஆறு அடித்ததும் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரம் சிமிட்டிவிட்டு நின்றுவிடுகிறது. நான் தொடுவதே இல்லை. அவருக்கு அந்தப் பெட்டியையும் இயக்கத் தெரிந்துவிட்டது பார். உயிரோடு இருந்தபோது ரிமோட் பிடிக்கத் தெரியாத மனிதர்!

நீ என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி. இப்போதெல்லாம் ஐந்தே முக்காலுக்கு இரண்டு டம்ளரில் டீ போட்டு வைத்துவிடுகிறேன். பலகைமேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தை ஓட்டுகிறேன்.

அவர் போன அன்றைக்கு நடந்ததை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிடுகிறேன். அவர் ஆறு மணிக்கு வந்து தட்டைப் போட்டார். நான் சமையலறையில் இருந்தேன். எட்டிப் பார்த்தேன், தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் உள்ளறையில் சட்டை மாற்றுகிறார் என்று என் வேலையைப் பார்த்தேன். அரைமணி கழித்து மறுபடி எட்டிப் பார்த்தேன். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. சரி என்று விட்டுவிட்டேன். ஏழு மணிக்குத்தான் உள்ளே போனேன்.

அவர் என் பேரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாராம். கீழே தையல்காரம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. அதன் பிறகு பாட்டு முடிந்து ஊசி டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்ததாம். புருஷன் பெண்டாட்டி ஏதோ பேச்சு சுவாரசியத்தில் இருக்கிறார்கள் என்று அந்த அம்மாவும் விட்டுவிட்டார். ஒரு மாடி தள்ளி இருக்கிறவருக்குக் கேட்டது, ஒரு சுவர் தள்ளி இருந்த எனக்குக் கேட்கவில்லை. எல்லோரிடமும் குழாய் திறந்திருந்தது என்று சொன்னேன்.

குழாய் திறந்திருக்கவில்லை, தம்பி.

ஒரே ஒரு நாள் எனக்கும் கேட்கும்படி அவர் போட்டால் போதும். கோபம் ஆறிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அந்த ஆச்சரியம் இதுதான். தினமும் ஆறு மணிக்கு, யாரும் தொடாமலே, அந்தப் புல்லாங்குழல் தட்டு தானாகப் பாடும்படி பெட்டியில் நேரம் குறித்து அனுப்பினேன். நீ நிறுத்தினாலும் மின்சாரம் இருந்தால் போதும், பாடும். அத்தான் வருகிற நேரத்துக்கு வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று நினைத்தேன். உன் வீட்டில் நடமாடும் ஆவி நான்தான் அக்கா. பலகையில் நீ தொட்ட நடுக்கம் ஸ்பீக்கரின் அதிர்வு.

பிப்ரவரியிலிருந்து தினமும் ஆறு மணிக்கு உன் எதிரிலேயே அது பாடிக்கொண்டிருக்கிறது. உனக்குக் கேட்கவில்லை.

காது போகும்போது மெல்லிய குரல்கள்தான் முதலில் போகும். புல்லாங்குழலைக் காணோம் என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பொய் சொல்வானேன், அதற்கு முன்பே தெரியும். அத்தான் போனபோது வந்து தங்கியிருந்தேனே, நான் பேசும்போதெல்லாம் நீ என் உதட்டையே பார்த்தாய். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பவில்லை. இருபத்தைந்து வருடமாக இதையே தொழிலாக வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? துக்க வீட்டில் எப்படிக் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டேன். பாட்டுகூடக் கேட்காத அளவுக்குப் போயிருக்கும் என்று மட்டும் நினைக்கவில்லை. பிறகு நீ எழுதிய கடிதங்களில் அவர் வருகிறார் என்ற சந்தோஷத்தைப் பார்த்து, அதைப் பிடுங்க மனம் வரவில்லை. அந்த டீயைப் பற்றிப் படித்த பிறகு தாங்க முடியவில்லை.

அன்றைக்குக் குழாய் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் ஒன்றுதான். அவர் கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்காது. நீ கேட்டும் கேட்காத மாதிரி இருக்கவில்லை. இரண்டு தடவை எட்டிப் பார்த்தாய். கண்ணால் முடிந்ததையெல்லாம் செய்திருக்கிறாய். உன்மேல் கோபப்பட அங்கே யாரும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? தட்டுகள் என்னிடம் இல்லை. வீடு மாற்றியபோது, எல்லாம்தான் ஃபைலாக இருக்கிறதே, இனி எதற்கு என்று பழைய சாமான் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். உறைகளையும் சேர்த்து. பாட்டைத்தான் வைத்துக்கொண்டோமே என்று நினைத்தேன். அவ்வளவு மடையன் நான்.

திட்டு. ஆனால் பதில் எழுது.

தம்பி


ஜூலை 18

அக்கா,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. தையல்காரம்மாவுக்குப் போன் செய்தேன். நீ வேலைக்குப் போய் வருகிறாய் என்றும், ஆறு மணிப் பாட்டு ஜூன் முதல் வாரத்தோடு நின்றுவிட்டது என்றும் சொன்னார். "இப்ப வீடு கம்முனு இருக்குப்பா" என்றார்.

நாலைந்து வாரம் அந்தக் கடை, அந்தக் கடையிலிருந்து வாங்கினவர்கள் என்று அலைந்தேன். பதினொரு தட்டுதான் கிடைத்தது, அவையும் அத்தானுடையவைதானா என்று உறுதியில்லை. அதில் ஒன்றில்கூட அத்தான் கையெழுத்து இல்லை, புல்லாங்குழலும் இல்லை. அனுப்பட்டுமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் அனுப்பியிருக்கிறேன்.

சாப்பிடுகிறாயா?

தம்பி


செப்டம்பர் 17

அன்புத் தம்பிக்கு,

மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். இந்தத் தடவை பொய் இல்லை. உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். இன்றோடு அவர் போய் ஒரு வருடம்.

உன் கடிதம் வந்த அன்றைக்குப் பெட்டியின் வயரைப் பிடுங்கி எறிந்தேன். உன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தட்டுகளைக் கொடுத்ததற்காக இல்லை. அவரைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டாயே என்பதற்காக. ஒரே வருடத்தில் ஒருத்தி எத்தனை தடவைதான் தாலியறுப்பது? அதனால்தான் எழுதவில்லை.

காது மெஷின் மாட்டிக்கொண்டேன். உன் கடைக்கு வந்து இல்லை, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. நான் பொட்டலம் கட்டும் அறைக்கு நேர் கீழே அந்த டாக்டர். கதவைத் தாண்டித் தாண்டி இத்தனை நாள் போயிருக்கிறேன். அப்பாடா, என்ன சத்தம் இந்த உலகத்தில்! என் செருப்பு இவ்வளவு சத்தம் போடும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆறு மணிக்குப் பிளேயர் முன்னால் உட்கார்ந்தேன். கடிகாரம் ஓடியது. ஃபிரிட்ஜ் உறுமியது. கீழே தையல் மெஷின் கடகடவென்றது. எல்லாம் கேட்டது, அவர் மட்டும் இல்லை. அவர் செத்துப்போனது அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது, தம்பி. நான் அழுவதும் கேட்டது. நாலு வருடம் கழித்து.

ஆமாம், நாலு வருடம். எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஒரு நாள் அவர் கதவைத் திறந்து வந்தது தெரியாமல், பின்னால் வந்து நின்றவரைப் பார்த்து அலறிவிட்டேன். மறுநாள்தான் "தட்டு சுத்துச்சுன்னா ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்று அந்த வழக்கத்தை ஆரம்பித்தார். "உனக்குக் காது கேக்கல" என்று ஒரு நாள்கூட என்னிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று பாட்டைச் சுற்றவிட்டார். நான் என்னமோ அவருக்குப் பாட்டுப் பைத்தியம் என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். ஒத்துக்கொண்டிருந்தால், ஒரு வருடத்துக்கு முன்னாலேயே இந்த மெஷினை மாட்டியிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. அன்றைக்கு வந்து பார்த்த டாக்டர், உயிர் நிமிடத்தில் போயிருக்கும் என்றார். இருக்கட்டும். கூப்பிட்ட குரலுக்கு "என்னங்க" என்றாவது சொல்லியிருப்பேன். இது எனக்கு ஆறாது. நீயும் ஆற்றப் பார்க்காதே.

உன் பதினொரு தட்டு வந்து இரண்டு மாதம் பிரிக்காமலே கிடந்தது. போன வாரம் பிரித்தேன். யார் வீட்டுத் தட்டோ, யார் பாட்டோ, ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பாட்டாக இருந்தால் என்ன? போட்டேன், சுற்றியது.

உன் பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன், தப்பாக நினைக்காதே. நல்ல சாமான்தான். ஆனால் நான் செத்து விழுந்து கிடந்தாலும் அது ஆறு மணிக்குப் பாடும். அடுத்த நாளும் பாடும். ஊரெல்லாம் நான் சௌக்கியம் என்று நினைத்துக்கொண்டிருக்கும். தட்டு அப்படி இல்லை. ஒரு பக்கம் முடிந்தால் திருப்பிப் போட ஓர் ஆள் எழுந்து வரவேண்டும்.

தையல்காரம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஆறு மணிக்குத் தட்டு போடுவேன். பாட்டு முடிஞ்சும் டிக் டிக்குனு ரொம்ப நேரம் கேட்டுச்சுன்னா சும்மா இருக்காதீங்க, மேல வந்து பாருங்க." சாவி ஒன்றையும் கொடுத்துவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கே வந்திருக்கணும்மா" என்று அழுதார். இரண்டு பேரும் சேர்ந்துதான் அழுதோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே முதல் பக்கம் முடிந்துவிட்டது. டிக், டிக், டிக். எனக்கே கேட்கிறது. கீழே தையல் மெஷினும் நின்றுவிட்டது. அந்த அம்மா காதைத் தீட்டிக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருப்பார். எழுந்து போய்த் திருப்பிப் போடுகிறேன்.

அக்கா